பத்தாம் வகுப்புக் கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு நூறு நாள்: முழுமையான வழிகாட்டி

காலாண்டுத் தேர்வில் கணக்கில் 18, 22, 27 என்று வாங்கிவரும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், தமிழ்வழி ஆங்கிலவழி இரண்டுக்கும் பொருந்தும். மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகக் கணக்கு சொல்லித் தருவதால், அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஓரளவு தெரியும். பெரும்பாலானவர்கள் விழுவது உழைக்காததால் இல்லை, தப்பான வரிசையில் உழைப்பதால்.

புத்தகத்தைத் திறந்து முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். பொங்கல் வரும்போது மூன்றாவது பாடமான இயற்கணிதத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். கிராஃபும் ஜியாமெட்ரியும் "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போய்விடும். அந்தக் கடைசி வரவே வராது.

டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால் பொதுத்தேர்வுக்கு ஏறக்குறைய நூறு நாள் கிடைக்கும். அதற்குப் பிறகு தொடங்குபவர்களும் இதே வரிசையில் போகலாம், ஒவ்வொரு படிக்கும் நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். படியை மட்டும் தாண்ட வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளியில் கொடுத்த கணக்குப் புத்தகம். ஒரு கிராஃப் நோட்டு. முறுக்கு தளராத காம்பஸ் உள்ள ஜியாமெட்ரி பாக்ஸ். காம்பஸ் ஆடினால் வட்டம் ஆரம்பித்த இடத்தில் முடியாது, பிள்ளை தன்மேல் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். நன்றாகச் சீவிய பென்சில் இரண்டு. பழைய பொதுத்தேர்வு வினாத்தாள் ஐந்து. மேசையில் வைக்க ஒரு கடிகாரம், ஏனென்றால் செல்போனில் நேரம் பார்க்கப் போனால் திரும்பி வர அரைமணி ஆகும். அப்புறம் 40 பக்க நோட்டு ஒன்று. அதன் அட்டையில் "தப்பு நோட்டு" என்று எழுதிவிடுங்கள், எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கைடு இப்போது வேண்டாம். விடையைப் பார்த்து எழுதும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மூடிவிட்டுப் போட்டால் இரண்டாவது வரியில் நிற்கும்.

நேரம், தினமும் ஒன்றேகால் மணி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாளெல்லாம் விடுவதைவிட இது நல்லது, கணக்கு கைப்பழக்கம்.

2. முதல் நாள்: பழைய விடைத்தாளைப் பிரிப்பது

முதலில் வினாத்தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினா 14, அதில் சாய்ஸ் கிடையாது. இரண்டு மதிப்பெண் வினா 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். ஐந்து மதிப்பெண் வினாவும் அதே மாதிரி 14க்கு 10. கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு, ஒன்று ஜியாமெட்ரி, ஒன்று கிராஃப், இரண்டிலும் 'இது அல்லது அது' உண்டு. ஆக 14, 20, 50, 16, மொத்தம் 100. தேர்ச்சிக்கு 35.

இப்போது காலாண்டு விடைத்தாளை எடுத்து, இழந்த மதிப்பெண்களை மூன்று வகையாகப் பிரியுங்கள். தொடவே இல்லாத வினா. தொடங்கி வழியில் நின்ற வினா. முழுவதும் போட்டுக் கூட்டல் கழித்தலில் தவறிய வினா. 20 மார்க் வாங்கிய பிள்ளையின் தாளில் மூன்றாவது வகையில் மட்டும் எட்டு பத்து மார்க் போயிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது தெரிந்த அன்றே பிள்ளையின் முகம் மாறும்.

பெற்றோருக்கு ஒன்று. இந்தத் தாளைப் பிரிக்கும்போது திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த தாள் உங்கள் கைக்கு வராது.

3. பத்து நாள் பழைய பாக்கி

பத்தாம் வகுப்புக் கணக்கு வராததற்குக் காரணம் பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் இருக்காது. ஆறிலிருந்து எட்டுக்குள் எங்கேயோ விட்டுப்போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க இந்த ஆறு கணக்கைக் கொடுங்கள். −7 கூட்டல் 3. −4 பெருக்கல் −5. முக்காலும் மூன்றில் இரண்டும் கூட்டினால் எவ்வளவு. ஒரு எண்ணை இரண்டால் பெருக்கி 5 கழித்தால் 9, அந்த எண் எது. 240இல் 15 சதவீதம். பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்கள். விடைகள்: −4, 20, 17/12, 7, 36, அப்புறம் 2ம் 3ம்.

பத்து நிமிடத்தில் ஆறும் சரியாக வந்தால் இந்தப் படிக்கு மூன்று நாள் போதும். இரண்டு மூன்று தவறினால் பத்து நாள் முழுக்க இதற்குத்தான்: குறி வைத்த எண்கள், பின்னம், காரணிப்படுத்தல், 12 வரை வாய்ப்பாடு. பத்தாம் வகுப்புப் பிள்ளையை வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் அவமானமாக நினைக்கும், அதனால் தம்பி தங்கை முன்னால் சொல்லச் சொல்லாதீர்கள். தனியாக, எழுதிப் பார்க்கட்டும்.

இந்தப் பத்து நாளை வீண் என்று நினைத்துத் தாண்டியவர்கள் பிறகு ஒவ்வொரு பாடத்திலும் அதே இடத்தில் நின்றார்கள். காரணிப்படுத்தத் தெரியாமல் இருபடிச் சமன்பாடு வராது, பின்னம் தெரியாமல் விகிதமுறு கோவை வராது.

4. கிராஃபும் ஜியாமெட்ரியும்: 16 மதிப்பெண், இருபது நாள்

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், முறை கொஞ்சம்தான், எண்கள்தான் மாறும். கை பழகிவிட்டால் மறக்காது. பின்தங்கிய பிள்ளைக்கு "என்னால் ஒரு பெரிய கேள்வியை முழுதாகப் போட முடிகிறது" என்ற அனுபவம் முதலில் இங்கேதான் கிடைக்கும், அது அடுத்த எழுபது நாளுக்கும் தாங்கும்.

கிராஃபில் இருபடிச் சமன்பாடு முதலில். எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 2 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் எக்ஸுக்கு −4 முதல் 4 வரை ஒன்பது மதிப்பு. அடுத்த வரியில் வர்க்கம், அதற்கடுத்த வரியில் எக்ஸ், பிறகு −2, கடைசியில் கூட்டுத்தொகை. வரிவரியாகப் போட வேண்டும், ஒரே தாவாக ஒய் மதிப்புக்குப் போனால் தப்பு எங்கே என்று தேட முடியாது. விடை 10, 4, 0, −2, −2, 0, 4, 10, 18 என்று வரும். இந்த வரிசையைக் கவனியுங்கள், எண்கள் இறங்கி வந்து, வந்த வழியே திரும்ப ஏறுகின்றன. உங்கள் அட்டவணையில் அப்படி ஏறவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது, புள்ளி வைக்கும் முன்பே தேடிப் பிடியுங்கள். பத்தில் எட்டு தடவை −3இன் வர்க்கத்தை −9 என்று எழுதியதுதான் காரணமாக இருக்கும். அது 9.

ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று வைத்தால் இந்தக் கிராஃப் தாளுக்குள் அடங்கும். அளவுத்திட்டத்தைத் தாளின் மேல் மூலையில் எழுத வேண்டும். புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைக்கக் கூடாது, கையால் வளைவாக, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் வரைய வேண்டும். வளைவு எக்ஸ் அச்சை −2இலும் 1இலும் வெட்டும். அந்த இரண்டும்தான் தீர்வு என்று விடைத்தாளில் ஒரு வரி எழுத வேண்டும். படம் அழகாகப் போட்டுவிட்டு இந்த ஒரு வரியை எழுதாமல் வருகிறவர்கள் ஏராளம்.

ஒரு கிராஃபை வைத்து இன்னொரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லும் வகையும் உண்டு. முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கும், அந்தக் கோடு வளைவை வெட்டும் இடங்களின் எக்ஸ் மதிப்புதான் தீர்வு. கழிக்கும்போது கீழ் வரியின் எல்லாக் குறிகளும் மாற வேண்டும். முதல் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடுவது வழக்கமான தவறு.

ஒன்று கூடினால் மற்றதும் கூடும், ஒன்று கூடினால் மற்றது குறையும் என்ற வகை வரைபடங்கள் இன்னும் சுலபம், இரண்டு நாளில் முடியும்.

ஜியாமெட்ரியில் வடிவொத்த முக்கோணம் முதலில், பிறகு தொடுகோடு, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரைவது கடைசியாக. வடிவொத்த முக்கோணத்தில் பிள்ளைகள் குழம்புவது எத்தனை புள்ளி குறிப்பது, எதை எதோடு இணைப்பது என்பதில்தான். அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து சாய்வாக ஒரு கோடு போட்டு, அளவு காரணி 3/5 என்றாலும் 7/4 என்றாலும் பெரிய எண் அளவுக்கு அதில் சம இடைவெளியில் புள்ளி குறியுங்கள். கீழே இருக்கும் எண்ணின் புள்ளியை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு இணையுங்கள். அதற்கு இணையாக மேலே இருக்கும் எண்ணின் புள்ளி வழியே கோடு போடுங்கள். 3/5 என்றால் ஐந்தாவது புள்ளியை இணைத்து மூன்றாவது வழியே இணைகோடு, சின்ன முக்கோணம் வரும். 7/4 என்றால் நான்காவதை இணைத்து ஏழாவது வழியே, அடிப்பக்கத்தை நீட்டிக்கொள்ள வேண்டும், பெரிய முக்கோணம் வரும். கேள்வியைப் படித்ததுமே சின்னதா பெரியதா என்று சொல்லிவிட்டு வரையப் பழக்குங்கள்.

தொடுகோட்டில் விடையைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஆரம் 3 செ.மீ., புள்ளி மையத்திலிருந்து 8 செ.மீ. என்றால் 8இன் வர்க்கம் 64இலிருந்து 3இன் வர்க்கம் 9 போக 55, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.4. தொடுகோட்டை ஸ்கேலில் அளந்தால் 7.4 செ.மீ. பக்கத்தில் வர வேண்டும். 6.8 என்று வந்தால் காம்பஸ் நகர்ந்துவிட்டது.

உதவிப்படமும் வரைமுறையும் எழுதாமல் படம் மட்டும் போட்டால் மதிப்பெண் குறையும். உதவிப்படத்தில் அளவுகளைக் குறித்த பிறகே பெரிய படத்துக்குப் போங்கள், கேள்வியைத் தப்பாகப் படித்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

5. ஒரு மதிப்பெண் வினாக்கள்: நாளுக்குப் பத்து

இதற்குத் தனி நாள் ஒதுக்க வேண்டாம். நான்காவது படி தொடங்கும்போதே தினமும் கடைசிப் பதினைந்து நிமிடம் இதற்கு. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இருக்கும் பலவுள் தெரிவு வினாக்களை நாளுக்குப் பத்தாகப் போட்டால், எட்டுப் பாடமும் இரண்டு வாரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடும்.

விடையை மனப்பாடம் செய்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது, 'இ' என்று மனதில் பதிந்துவிடும், தேர்வில் விருப்பங்கள் இடம் மாறியிருந்தால் தப்பாகும். அதனால் எழுத்தை நினைவில் வைக்காமல் விடையை நினைவில் வையுங்கள். தேர்வில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள், எழுத்தை மட்டும் எழுதிவிட்டு வரக் கூடாது.

6. மற்ற பாடங்கள், இந்த வரிசையில்: ஐம்பது நாள்

அளவியல் முதலில். உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம், இடைக்கண்டம் என்று சூத்திரங்களை ஒரே அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படம் வரைந்து, கொடுத்த அளவுகளைக் குறித்து, சூத்திரம் எழுதி, பிரதியிடுவது, அவ்வளவுதான். விட்டம் கொடுத்திருப்பதை ஆரம் என்று போட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

அடுத்து அணிகள். இயற்கணிதப் பாடத்தின் கடைசிப் பகுதி அது, முன்னால் உள்ளது தெரியாமலே படிக்கலாம், வெறும் பெருக்கல் கூட்டல்தான். பிறகு உறவுகளும் சார்புகளும். கார்ட்டீசியன் பெருக்கலைச் சரிபார்ப்பது, சார்பை அம்புக்குறிப்படம், அட்டவணை, வரிசைச் சோடிகள், வரைபடம் என்று காட்டுவது, இரண்டும் பொறுமை மட்டும் கேட்கும் ஐந்து மதிப்பெண் கணக்குகள்.

எண்களும் தொடர்வரிசைகளும் பாடத்தில் தொடர்களின் கூடுதலைக் கவனித்துப் போடுங்கள். 10 செ.மீ. முதல் 24 செ.மீ. வரை பக்கமுள்ள 15 சதுரக் காகிதங்களின் மொத்தப் பரப்பு கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. 1 முதல் 24 வரையான வர்க்கங்களின் கூடுதல் 4900. அதிலிருந்து 1 முதல் 9 வரைக்கான 285ஐக் கழித்தால் 4615 சதுர செ.மீ. வகுப்பில் பாதிப் பேர் 10 வரைக்கும் கழித்து 4515 என்று எழுதுவார்கள். 10 செ.மீ. காகிதம் நம்மிடம் இருக்கிறதே, அதை ஏன் கழிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு முறை பிள்ளையே காரணத்தைச் சொல்லிவிட்டால் பிறகு தவறாது.

புள்ளியியலும் நிகழ்தகவும் அடுத்தது. திட்டவிலக்கத்துக்கு அட்டவணை நேராக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு பகடை என்றால் 36 சோடிகளையும் எழுதிவிட்டு எண்ணுங்கள், மனதில் எண்ண வேண்டாம்.

ஆயத்தொலை வடிவியலில் நாற்கரத்தின் பரப்பு. (−9,−2), (−8,−4), (2,2), (1,−3) என்ற புள்ளிகளைக் கொடுத்த வரிசையிலேயே சூத்திரத்தில் போட்டால் 12.5 என்று தப்பான விடை வரும். தாளில் குறித்துப் பார்த்து, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக வரிசைப்படுத்திப் போட்டால் 35 சதுர அலகு. கணக்கு தெரிந்த பிள்ளையும் தடுமாறும் இடம் இது, அதனால் புள்ளியைக் குறிக்காமல் பரப்பு போடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவியலில் தேல்ஸ், கோண இருசமவெட்டி, பிதாகரஸ் என்ற மூன்று தேற்றங்களையும் வாரம் இரண்டு முறை பார்க்காமல் எழுதிப் பழகினால் போதும். இயற்கணிதத்தின் மற்ற பகுதிகளில் வர்க்கமூலம் காண்பதையும் இருபடிச் சமன்பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணவியலைக் கடைசியில் வைக்கிறேன், முற்றொருமைகளை நிரூபிப்பதில் அடுத்த வரி எது என்று கண்டுபிடிக்க நிறையப் பழக்கம் வேண்டும், நாள் குறைவாக உள்ளவர்களுக்கு அது கட்டாது. உயரங்களும் தொலைவுகளும் மட்டும் போட்டுப் பாருங்கள்.

தப்பு நோட்டு இங்கேதான் வேலை செய்யும். தினமும் தவறிய கணக்கின் முழு விடையை எழுத வேண்டாம், தவறிய அந்த ஒரு வரியை மட்டும் எழுதி, பக்கத்தில் சரியான வரியை எழுதுங்கள். சனிக்கிழமை அந்த வாரத்துக் கணக்குகளை மறுபடி போடுங்கள். ஒரே தவறு மூன்று வாரம் தொடர்ந்து வந்தால், அதுதான் பிள்ளையின் உண்மையான பாடம்.

7. பெற்றோர் செய்ய வேண்டியது

உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்று அவசியம் இல்லை. என்னிடம் வந்த ஒரு பையனின் அம்மா மூன்றாவது வரைதான் படித்தவர். மாலையில் பூ கட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "எனக்குச் சொல்லு, இந்த இடத்துல ஏன் கழிச்ச?" என்று கேட்பார். பையன் சொல்ல முடியாமல் நின்ற இடங்களை மட்டும் மறுநாள் என்னிடம் கேட்பான். காலாண்டில் 21 வாங்கிய அவன் பொதுத்தேர்வில் 63 வாங்கினான். அந்த அம்மா கேட்ட கேள்விகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அந்த ஒன்றேகால் மணி நேரம் வீட்டில் டிவி ஓடக் கூடாது, உங்கள் செல்போனும் சேர்த்துத்தான் ஒதுங்க வேண்டும். "இன்று எத்தனை கணக்கு" என்று கேட்பதற்குப் பதில் "இன்று எதில் தடுமாறினாய்" என்று கேளுங்கள். அண்ணன் மார்க், பக்கத்து வீட்டுப் பெண்ணின் மார்க் வேண்டவே வேண்டாம். பிள்ளை தேடி வந்து "புரியவில்லை" என்று சொன்னால் அது நல்ல செய்தி, அன்றே பள்ளியில் கணக்கு ஆசிரியரிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கும் பிள்ளையை விரட்டும் ஆசிரியர் மிகவும் குறைவு.

8. முழுத் தாள் பழக்கம்: கடைசி இருபது நாள்

பழைய வினாத்தாள் ஐந்தையும் இப்போது எடுங்கள், நான்கு நாளுக்கு ஒன்று. காலை 10 மணிக்கு உட்கார்ந்து, மூன்று மணி நேரத்தில் எழுத வேண்டும். பள்ளி நாளென்றால் மாலையில் இரண்டு பாதியாகப் பிரித்து எழுதலாம், ஒரு தாளாவது விடுமுறை நாளில் முழு நேரமும் உட்கார்ந்து எழுதட்டும். மறுநாள் திருத்துங்கள், அன்றே திருத்தினால் களைப்பில் தவறு கண்ணில் படாது. நடுவில் மிச்சமாகும் நாட்கள் தப்பு நோட்டுக்கு.

புதுப் பாடம் எதையும் இந்த இருபது நாளில் தொடங்க வேண்டாம். யாராவது "இது கட்டாயம் வரும்" என்று ஒரு பட்டியல் கொண்டுவந்தால், அதில் உங்களுக்குத் தெரியாத கணக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

9. தேர்வு அறையில்

எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடமும், விவரங்களை நிரப்ப 5 நிமிடமும் தருவார்கள். அந்த 10 நிமிடத்தில் போடத் தெரிந்த ஐந்து மதிப்பெண் வினாக்களின் எண்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மதிப்பெண், 20 நிமிடம். அடுத்து கிராஃபும் ஜியாமெட்ரியும், 40 நிமிடம். கை சோர்ந்த பிறகு கடைசியில் வரைந்தால் கோடு நடுங்கும், அதனால்தான் முன்னால். பிறகு நன்றாகத் தெரிந்த ஐந்து மதிப்பெண், பிறகு இரண்டு மதிப்பெண். வினா எண்ணைச் சரியாக எழுதிவிட்டால் எந்த வரிசையில் எழுதினாலும் பரவாயில்லை.

இரண்டு மதிப்பெண்ணில் 28ஆவதும் ஐந்து மதிப்பெண்ணில் 42ஆவதும் கட்டாய வினா. அவற்றை விட்டுவிட்டு மற்றதில் 10 எழுதினால் 9தான் கணக்கில் சேரும். விடை தெரியாவிட்டாலும் கொடுத்த விவரம், படம், சூத்திரம், முதல் இரண்டு வரி, இவற்றை எழுதுங்கள், படிப்படியாகத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். தவறிய கணக்கை ஒரே கோடாக அடியுங்கள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது புதுக் கணக்கு எடுக்காமல், கிராஃப் தாள் கட்டப்பட்டிருக்கிறதா, அதில் அளவுத்திட்டம் இருக்கிறதா, தீர்வு வரி எழுதியாகிவிட்டதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வினாத்தாளை அம்மாவிடம் கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுத் தூங்குங்கள். மாலையில் அடுத்த தேர்வுக்கான புத்தகத்தை எடுத்தால் போதும்.